எலி தின்ற எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. பரண்ல அந்தச் சாக்குல என்னா?"

"மாங்கொட்டைம்மா."

"என்னாது?"

"மாங்கொட்டை. கழுவிக் காய வச்சது. ஒரு சாக்கு நெறைய இருக்கு."

நான் ஒரு பழைய இரும்புக் கட்டிலின் மேல் ஏறி நின்று, செல்போனைப் பரணுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். போனுக்குள் பாரிஸ். பாரிசுக்குள் சரோஜா அம்மாள், எழுபதைத் தாண்டிய வயதில், கம்பளித் தொப்பியும் மப்ளருமாக உட்கார்ந்து எனக்கு வேலை ஏவிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் தட்சிணாமூர்த்தி வாழ்ந்த வீட்டை நாங்கள் வாங்கி, சாவி கைக்கு வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அவர் சேர்த்து வைத்தது மட்டும் எங்கும் போகவில்லை.

காரைக்காலில் மாங்கனித் திருவிழா அன்று சாமி வீதிக்கு வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். பிடித்த பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறிவது உலக வழக்கம். தட்சிணாமூர்த்தி வருடா வருடம் கொட்டையைக் கழுவி, காயவைத்து, சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறார். எதற்கு என்று கேட்க ஆளில்லை.

சரோஜா அம்மாள் போனுக்குக் கிட்ட வந்து சாக்கைப் பார்த்தார். பிறகு, "மெர்த்" என்றார்.

ஏதோ பிரெஞ்சு மந்திரம் என்று நினைத்து நானும் பயபக்தியோடு தலையாட்டினேன். அர்த்தம் பின்னால்தான் தெரிந்தது. வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. தெருவில் மிதித்துவிட்டால் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டிய வஸ்து.

"கொட்டையத் தூக்கிப் போடு. எல்லாத்தையும் தூக்கிப் போடு. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அது அந்த வூட்டுலதான் இருக்கு. மாங்கொட்டையத் தூக்கிப் போட மனசு வராதவன், அதை மட்டும் போட்டுருப்பானா?"

நியாயமான வாதம். போனில் தெரியாத இடத்தில், கதவோரமாக, என் வீட்டுக்காரர் பாஸ்கரன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கும் நியாயமான காரணம் இருந்தது. முந்தின நாள்தான் அந்த வீட்டிலிருந்து மூன்று டெம்போ காகிதத்தை அவர் எடைக்குப் போட்டிருந்தார்.

ஒரு சாண் திறந்த கதவு

சென்ற வாரம் என் கடையில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து, மாப்பிள்ளை பெயருக்குப் பதிலாக மாமனார் பெயரைப் போட்ட கதையை எழுதியிருந்தேன். இத்தனை தப்பும் தவறுமாகத் தொழில் செய்து எப்படி வீடு வாங்கினீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்காகத்தான் இந்த வாரம் வீட்டுக் கதை.

காரைக்கால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஊரில் என் பெயர் தேவகி என்று அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். 'ஜெராக்ஸ் அம்மா' என்றால்தான் தெரியும். பாஸ்கரனுக்குக் கீழவாஞ்சூர் பக்கம் நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது கண் வெள்ளையும் பல் வெள்ளையும் மட்டும் முதலில் உள்ளே வரும். இருபது வருடமாக வாடகை வீடு. மூன்று வீட்டுக்காரர்கள் அவருடைய பனியன் கரியைப் பார்த்தே எங்களைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் புரோக்கர் ஒருவர், "வீடு கொஞ்சம் அழுக்கா இருக்கும், பரவால்லீங்களா?" என்று கேட்டபோது, நான் பாஸ்கரனைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றேன்.

பார்க்கப் போனோம். ஓடு வேய்ந்த பழைய காலத்து வீடு. முன்கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. பின்னால் ஏதோ முட்டுக் கொடுத்தது. பாஸ்கரனின் வயிறு ஒரு சாணில் அடங்குகிற வயிறு இல்லை. நான் மட்டும் ஒருக்களித்து நுழைந்தேன். நாலு எட்டு வைத்தேன். அதற்குமேல் நகர இடமில்லை. எலிப் புழுக்கை, பாச்சா உருண்டை, நனைந்து காய்ந்த பேப்பர் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகச் செய்தித்தாள். நடுவே ஆள் நடக்க ஒரு வாய்க்கால்.

"உள்ள எப்படி இருக்கு?" என்று பாஸ்கரன் வெளியிலிருந்து கத்தினார்.

"தெரியல. ஆனா காத்து வருது" என்றேன்.

பத்திரம் பதியும் முன்பு வீட்டை முழுதாகப் பார்த்தீர்களா என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். இல்லை. எத்தனை அறை என்பதே சாமான் குறையக் குறையத்தான் தெரியவந்தது. பின்கட்டில் ஒரு கழிவறை இருப்பது பத்தாம் நாள் வெளிப்பட்டது. அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

மூன்று டெம்போ

வெள்ளிக்கிழமை சாவி வந்தது. சனிக்கிழமை பாஸ்கரனுக்கு லீவு. மனிதர் விடிந்ததும் விடியாததுமாக டெம்போ பிடித்து வந்துவிட்டார். வரிச்சிக்குடியிலிருந்து செல்வராணி என்ற பெண் வேலைக்கு வந்தாள். நடவு இல்லாத நாளில் கிடைக்கிற வேலைக்கெல்லாம் வருகிறவள். மூன்று பேருமாகச் சாயங்காலத்துக்குள் முன்னறை பூராவும் காலி செய்தோம். மூன்று நடை. அத்தனையும் பழைய பேப்பர் வாங்கும் காதர் பாய் கடைக்குப் போனது. கதவு முழுதாகத் திறந்தது. பாஸ்கரன் கையை வீசிக்கொண்டு ஒரு மகாராஜா மாதிரி உள்ளே நுழைந்தார்.

மறுநாள்தான் சரோஜா அம்மாளின் முதல் வீடியோ கால். அதுவரை அவருடைய சொந்தக்காரர் ஒருவர்தான் பவர் பத்திரம் வாங்கி எல்லாம் முடித்திருந்தார். அம்மாளுடன் நாங்கள் பேசியதே இல்லை.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன்பே காதர் பாயிடம் ஓடினேன்.

"பாய், சனிக்கிழமை நாங்க போட்ட பேப்பரு?"

"அது நேத்தே லோடு ஏறிப் போச்சேம்மா. மில்லுக்கு. ஏன், எதுவும் நகைநட்டு உள்ள மாட்டிக்கிச்சா?"

"நகைன்னா பரவால்லியே பாய்."

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அல்லா பெரியவன், போய்க் கடையத் தொறங்க" என்றார்.

எலியின் ருசி

அந்தப் புத்தகத்துக்கு என்ன அவ்வளவு முக்கியம்? இதைச் சரோஜா அம்மாளே சொன்னார், தவணை தவணையாக. எங்கள் ஊர் நான்கு மணி அடித்தால் போன் வரும். அங்கே அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருப்பார்.

அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் அட்டை போட்ட சின்னப் புத்தகமாக இருக்கும். சரோஜா பள்ளி இறுதி முடித்ததும் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் எழுத்தர் வேலைக்கு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு நேரில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தால் புத்தகம் இல்லை.

அதே சமயம் வீட்டில் கல்யாணப் பேச்சு. பாரிசிலிருந்த ஒரு சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் மகனுக்குச் சரோஜா, அவர் மகளுக்குத் தட்சிணாமூர்த்தி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஏற்பாடு. நடந்தால் இரண்டும் நடக்கும், நின்றால் இரண்டும் நிற்கும். தட்சிணாமூர்த்திக்கு அந்தப் பெண்மேல் உயிர். சரோஜாவோ வேலை கிடைத்தால் கல்யாணம் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"எங்கடான்னு கேட்டேன். எலி தின்னுருக்கும்ங்கிறான். பெட்டில பட்டுப் பாவாடை இருக்கு, அதைத் தின்னல. பக்கத்துல முறுக்கு டின்னு, அதைத் தொடல. என் எஸ்.எஸ்.எல்.சி. மட்டும்தான் அந்த எலிக்கு ருசிச்சிருக்கு!"

வேலை போனது. கல்யாணம் நடந்தது. கப்பல் ஏறினார். அண்ணன் மனைவியோ நாலாவது வருடம் தன் அம்மாவைப் பார்க்கப் பாரிஸ் போனவர், திரும்பவில்லை. அதன்பிறகுதான் அந்த வீட்டுக்குள் போன எதுவும் வெளியே வராமல் போயிருக்கிறது.

செல்வராணி இதைக் கேட்டுவிட்டு, "பொண்டாட்டி போனதுக்கப்பறம் வேற எதையும் போக விடக்கூடாதுன்னு இருந்துட்டாரு போலருக்கு, பாவம்" என்றாள்.

"போன பொண்டாட்டிக்கு, பின்னறையில கெடக்குற ஓடாத ஃபேன் ஏழு எதுக்குடி?" என்றேன்.

"வந்தா புழுங்குமுல்ல."

தேடுவதாக ஒரு நாடகம்

மீதி அறைகளை ஒழுங்காகத்தான் தேடினோம். அதில் பொய் இல்லை. சனிக்கிழமை போன மூன்று டெம்போவை மட்டும் சொல்லவில்லை.

"முன்னறையில ஒண்ணும் இல்லியா?" என்று அம்மாள் கேட்பார்.

"முன்னறை சுத்தமா இருக்கும்மா" என்பேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள், ஒற்றைச் செருப்புகள், காலாவதியான காலண்டர்கள், திறக்காத ஊறுகாய் ஜாடி ஒன்று. அந்த ஜாடியைச் செல்வராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லையில் புதைத்தாள். இன்றைக்கும் அந்த இடத்தில் புல் முளைக்கவில்லை. ஒவ்வொன்றையும் காட்டக் காட்ட அம்மாள் அண்ணனைத் திட்டுவார். "அவன் மூஞ்சி மாதிரியே இருக்கு பாரு" என்று ஒரு நசுங்கின தவலையைச் சொன்னார். எனக்கு அந்த நான்கு மணிக்காகக் காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒருநாள் பீரோவுக்குள் ஓவர்கோட் ஒன்று கிடைத்தது. முழங்கால் வரைக்கும் வரும் கனத்த கம்பளி. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"அது நான் அனுப்பினது" என்றார்.

"காரைக்கால்ல ஓவர்கோட்டு எதுக்கும்மா?"

"போட்டுக்கிட்டுப் புழுங்கிச் சாவட்டும்னுதான்."

சிரித்தோம். ஆனால் கோட்டின் கழுத்துப் பட்டையில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. தலைமுடி எண்ணெய். போட்டுப் பார்த்திருக்கிறார் மனிதர், ஒரு தடவைக்கு மேலேயே. போனை அங்கே காட்டினேன். அம்மாள் பார்த்தார். அன்று சீக்கிரமே வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

மன்னிப்பு

ஐந்தாவது வாரம் கடைசி அறையும் காலியானது. பேசினால் சுவர் திருப்பிப் பேசியது. போனைச் சுற்றிக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா."

"பீரோவுக்கு அடியில?"

"பீரோவே போயிருச்சும்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"அப்ப எலிதான்" என்றார். "அவன் எதையும் போட மாட்டான். எடுத்திருந்தா இருந்திருக்கும். இல்லன்னா அவன் எடுக்கல. அம்பது வருஷம் அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசல தேவகி. அவன் போன் பண்ணா எடுக்க மாட்டேன். சாவுக்கும் வரல. முட்டி வலின்னு சொல்லிட்டேன்."

நான் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"வர்றேன். திதி குடுத்து, அரசலாத்துல நின்னு அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன்."

போன் நின்றது. பாஸ்கரன் எழுந்து வந்தார். "வுட்டுரு தேவகி. செத்த மனுசனுக்கு ஒரு நல்ல பேரு கெடைக்குது. அந்தம்மாவுக்கும் மனசு ஆறுது. யாருக்கு என்ன நட்டம்?"

யோசித்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இந்தக் கதையில் எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சாப்பிடாமல் இருப்பது எங்கள் வீட்டில் டாக்டரைக் கூப்பிடுகிற விஷயம். ஒரு கிழவி, முட்டி வலியோடு ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, நாங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நம்பி ஆற்றில் நின்று அழப்போகிறார்.

மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. நைட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க மன்னிப்பு கேக்க வேணாம். கேக்க வேண்டியது நாங்க."

சனிக்கிழமையைச் சொன்னேன். மூன்று டெம்போவைச் சொன்னேன். காதர் பாயைச் சொன்னேன்.

"வெறும் பேப்பருதான?"

"முன்னறை மூலையில ஒரு தகரப் பெட்டி இருந்துச்சும்மா. பூட்டு இல்ல. உள்ள ஃபைலு, பழைய காயிதம். இதைப் பாத்துட்டுப் போடலாமான்னு அவரு கேட்டாரு. நான்தான் கவுத்துங்கன்னு சொன்னேன்."

ஆமாம். இதுவரை பழியை முழுக்க பாஸ்கரன் தலையில்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊரில் எவனாவது ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் புத்தி சொல்லுகிறவள் நான். பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னதும் நான்தான். அன்றைக்கு அந்தக் கதவு முழுதாகத் திறந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அம்மாள் என்னையே பார்த்தார்.

"மெர்த்" என்றார். போன் நின்றது.

பதினோரு நாள் நான்கு மணி வந்து வந்து சும்மா போனது.

எப்ப தொலைஞ்சுது?

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் என் கடை வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஒரு பெரிய சூட்கேஸ் இறங்கியது. பிறகு ஒரு கைத்தடி. பிறகு சரோஜா அம்மாள். போனில் பார்த்ததைவிடக் குள்ளம்.

கல்லாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சோறு இருக்கா?" என்றார்.

எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனேன். மண்டபத்தூரிலிருந்து வந்த மீன் குழம்பாகியிருந்தது. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பாஸ்கரன் அடுப்படிக்குள்ளேயே நின்றுகொண்டார். கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"இப்ப அவனைத் திட்டவும் முடியல, மன்னிக்கவும் முடியல. ரெண்டையும் சேத்து எடைக்குப் போட்டுட்டீங்க, புருசனும் பொண்டாட்டியும்."

நான் தரையைப் பார்த்தேன். பிறகு, மனதுக்குள் பதினோரு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "காப்பி வாங்கலாம்மா."

"இப்பதான சோறு தின்னேன், காப்பி எதுக்கு?"

"அந்தக் காப்பி இல்லம்மா. உங்க சர்டிபிகேட்டோட காப்பி. டூப்ளிகேட். தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தா கெடைக்கும். எனக்கு வழி தெரியும். எத்தனையோ பேருக்கு வாங்கிக் குடுத்துருக்கேன்."

"எனக்கா? இந்த வயசுலயா? அதை வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

"அதெல்லாம் கெடைச்சப்பறம் யோசிப்போம்."

அவர் தடியை எடுத்துக்கொண்டு, "நட" என்றார்.

காவல் நிலையத்தில் ஓர் இளம் போலீஸ்காரர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்பம்மா தொலைஞ்சுது?"

"பொங்கல் முடிஞ்சு."

"இந்தப் பொங்கலா?"

"உங்க அப்பாரு பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு பொங்கல்."

பேனா நின்றது. நான் குனிந்து விளக்கினேன். அவர் மரியாதையான பிள்ளை. சிரிப்பை மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுதினார்.

"எங்க தொலைச்சீங்க?"

"அதைத்தானய்யா அம்பது வருஷமா தேடுறேன்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குங்களா?"

அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இருந்துச்சு" என்றார். "செத்துட்டான்."

போலீஸ்காரர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

படித்த பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. அங்கே தலைமை ஆசிரியையிடம், "கணக்குல நான் எண்பத்தாறு" என்று சொன்னார். டீ கொண்டுவந்த பெண்மணியிடமும் சொன்னார். திரும்பும்போது ஆட்டோக்காரருக்கும் சொல்லியாயிற்று.

பாரிசுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அரசலாற்றங்கரையில் அண்ணனுக்குத் திதி கொடுத்தார். பிண்டத்தைத் தண்ணீரில் விடும்போது உரக்கவே சொன்னார்: "எடுத்துருந்தா நாசமாப் போ. எடுக்கலன்னா நல்லா இரு."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். "இப்படிச் சொல்ற வழக்கம் இல்லீங்களேம்மா."

"எங்க வூட்டு வழக்கம். நீங்க மேல சொல்லுங்க."

தண்ணீரிலிருந்து ஏறும்போது அவருக்கு முட்டி மடங்கியது. பாஸ்கரன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். அம்மாள் மறுக்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். வெள்ளைப் புடவையில் கரி ஒட்டியிருந்ததை யாரும் சொல்லவில்லை.

ஒரு மார்க் மிச்சம்

சில மாதங்கள் கழித்துத் தபாலில் சான்றிதழ் வந்தது. அப்போது புதுத் தரை போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நாங்கள் குடிபோகத் தயாராக இருந்தோம். நான்கு மணிக்குப் போன் போட்டேன்.

"காட்டு. கிட்ட. இன்னும் கிட்ட. கணக்கு என்னா போட்டுருக்கு?"

"முப்பத்தாறும்மா."

"எண்பத்தாறு."

"முப்பத்தாறு."

"மூணா எட்டா நல்லாப் பாரு. உன் கண்ணு சரியில்ல."

"மூணுதாம்மா. எழுத்துலயும் போட்டுருக்கு."

அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பாஸ் மார்க்கு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"ஒரு மார்க்கு மிச்சம்தான்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்ப வேலை கெடைச்சிருக்கும்ல?"

"கெடைச்சிருக்கும்மா. உத்தரவே வந்துருச்சே. கட்டாயம் கெடைச்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அனுப்பி வைக்கட்டுமா?"

"இங்க யாருக்குப் புரியும்? அந்த வூட்டுலயே மாட்டு. அங்கேருந்துதான காணாமப் போச்சு."

கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன். புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் கேசரித் தட்டோடு அதன்முன் வரிசையாக நின்றார்கள். என் பெயர் தெரியாதவர்கள்தானே பாதிப் பேர், சரோஜா என்பது நான்தான் என்று நினைத்துவிட்டார்கள். கடைக்குப் பக்கத்துப் பழக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி முழுதாகப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏங்க ஜெராக்ஸ் அம்மா, கணக்குல முப்பத்தாறுதானா?"

"ஆமாங்க" என்றேன். "பாஸ்."